வேலிக் குழையும் கறிச்சட்டிக் கொழுப்பும்

ஆறிய ஆட்டிறைச்சிக் கறியின் மேற்பரப்பில் வெள்ளையாகப் படரும் கொழுப்பை யாழ்ப்பாணக் குடாநாட்டின் சமையலறைகளில் எவரும் வியந்து பார்ப்பதில்லை. சட்டியை மீண்டும் அடுப்பில் ஏற்றினால் உருகிவிடும் என்பதற்கு மேல் அதைப்பற்றி அறிய வேண்டியது ஏதும் இருப்பதாக யாருக்கும் தோன்றுவதுமில்லை. எனினும், உயிரிரசாயனத்தின் பார்வையில் அந்தப் படலம் அங்கே இருப்பதற்கு எளிதில் விளங்கும் காரணம் கிடையாது. அந்த ஆடு தின்று வளர்ந்த பூவரசங்குழையிலும் முள்முருக்கிலும் அறுகம்புல்லிலும் இருக்கும் கொழுப்பின் பெரும்பகுதி, யாழ்ப்பாணத்து வெயிலில் மட்டுமன்றி நுவரெலியாவின் மார்கழிக் குளிரிலும் உறையாத இயல்புடையது. இலையில் எண்ணெயாக இருந்தது இறைச்சியில் மெழுகுபோல் இறுகும் இந்த மாற்றம் நிகழும் இடம் ஆட்டின் வயிறு. அதை நிகழ்த்துபவை அந்த வயிற்றில் குடியிருக்கும் நுண்ணங்கிகள்.

கொழுப்பமிலம் என்பது காபன் அணுக்கள் ஒன்றன்பின் ஒன்றாகக் கோக்கப்பட்ட சங்கிலி. அணுக்களுக்கிடையே இரட்டைப் பிணைப்பு எதுவும் இல்லாமல், கொள்ளக்கூடிய ஐதரசன் முழுவதையும் கொண்ட சங்கிலியை நிரம்பிய கொழுப்பமிலம் என்றும், ஒன்றோ பலவோ இரட்டைப் பிணைப்புகள் உள்ளதை நிரம்பாத கொழுப்பமிலம் என்றும் வேதியியல் வகுக்கிறது. இயற்கையான இரட்டைப் பிணைப்பு சங்கிலியை வளைத்துவிடுவதால், வளைந்த சங்கிலிகள் நெருங்கி அடுக்காக அமைய முடியாமல் நீர்மமாகவே கிடக்கின்றன. நேரான சங்கிலிகள் நெருங்கி அடுக்காக அமைந்து உறைகின்றன. பச்சிலையின் உலர்நிறையில் சில வீதமே கொழுப்பு இருந்தாலும், அதிலுள்ள கொழுப்பமிலங்களில் பாதிக்கு மேல் 18 காபன்களும் 3 இரட்டைப் பிணைப்புகளும் உடைய அல்பா லினோலெனிக் அமிலமாகும். அது உருகும் வெப்பநிலை −11 பாகை செல்சியஸ். ஆட்டுக் கொழுப்பை இறுக வைக்கும் ஸ்டியரிக் அமிலத்துக்கும் அதே 18 காபன்கள்தான். ஆனால் இரட்டைப் பிணைப்பு ஒன்றேனும் இல்லாத காரணத்தால் அது உருகுவதற்கு ஏறத்தாழ 69 பாகை வேண்டும். கோழிக் கொழுப்பில் நூற்றுக்கு ஐந்தாறு பங்காக இருக்கும் இந்த அமிலம், செம்மறிக் கொழுப்பில் நூற்றுக்குப் பதினைந்து முதல் இருபத்தைந்து பங்கு வரை காணப்படுகிறது. மூன்று இரட்டைப் பிணைப்புகளும் எங்கே போயின என்ற கேள்விக்குரிய விடை, இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில்தான் தெளிவாகக் கிடைத்தது.

வயிற்றுக்குள் ஓர் ஊர்

ஆடு, மாடு, மான் போன்ற அசைபோடும் விலங்குகளின் இரைப்பை நான்கு அறைகளாகப் பிரிந்தது. அவற்றுள் முதலாவதும் மிகப் பெரியதுமான அறையில், விலங்கின் சொந்தச் சமிபாட்டு நொதியம் எதுவும் சுரப்பதில்லை. உமிழ்நீரோடு கலந்து இறங்கும் தழை அங்கே ஒட்சிசன் அற்ற சூழலில், ஏறத்தாழ 39 பாகை வெப்பத்தில், பல மணி நேரமும் சிலவேளை ஓரிரு நாட்களும் ஊறி நொதிக்கிறது. அந்த அறையின் உள்ளடக்கம் மட்டுமே விலங்கின் உடல் நிறையில் பத்தில் ஒரு பங்கைத் தாண்டக்கூடியது. அதன் ஒவ்வொரு மில்லிலீற்றரிலும் ஆயிரம் கோடிக்குக் குறையாத பற்றீரியாக்களும், இலட்சக்கணக்கான புரோட்டோசோவாக்களும், நாரைத் துளைத்துப் புகும் பங்கசுக்களும், ஐதரசனைக் கொண்டு மெதேன் வாயுவை ஆக்கும் ஆர்க்கியாக்களும் வாழ்கின்றன. செலுலோசை உடைக்கும் நொதியம் ஆட்டின் உடலில் கிடையாது என்பதால், புல்லைத் தின்பது ஆடு என்றாலும் புல்லைச் செரிப்பது இந்த நுண்ணங்கிகளே.

அவை நாரைச் சிதைத்து வெளிவிடும் அசற்றிக், புரோப்பியோனிக், பியூற்றிரிக் ஆகிய குறுஞ்சங்கிலி அமிலங்கள் இரைப்பைச் சுவரினூடே இரத்தத்தில் கலந்து, விலங்குக்குத் தேவையான சக்தியின் பெரும்பகுதியைத் தருகின்றன. மனித உடல் கொழுப்பை ஆக்குவதற்கு ஈரலையும் குளுக்கோசையும் பெரிதும் சார்ந்திருக்க, ஆட்டின் உடலோ கொழுப்பிழையத்திலேயே அந்த அசற்றிக் அமிலத்தைக் கொண்டு கொழுப்பை நெய்கிறது. ஆகவே தழையின் கொழுப்பு மட்டுமன்றித் தழையின் நாரும், நுண்ணங்கிகளின் கைமாறியே இறைச்சிக் கொழுப்பாகிறது. இதற்கு மூன்றாவது வழியொன்றும் உண்டு. நுண்ணங்கிகள் அங்கேயே நிலைத்திருப்பதில்லை. தழையோடு சேர்ந்து கீழே வழிந்து நான்காம் அறையின் அமிலத்தில் இறந்து, சிறுகுடலில் தாமே உணவாகிவிடுகின்றன. பற்றீரியாக்களின் மென்சவ்வுகளுக்கே உரிய, 15, 17 என ஒற்றைப்படைக் காபன்களும் கிளைகளும் கொண்ட கொழுப்பமிலங்கள் ஆட்டின் தசையிலும் பாலிலும் கண்டறியப்படுவது இதனால்தான். மனிதர் ஒருவர் அசைபோடும் விலங்குகளின் பாலையும் கொழுப்பையும் எந்த அளவு உண்டார் என்பதை அவருடைய இரத்தத்தில் உள்ள இந்த ஒற்றைப்படை அமிலங்களைக் கொண்டு ஊகிக்க ஆய்வாளர்கள் முயல்வதும் உண்டு.

இரட்டைப் பிணைப்புகளின் கதைக்குத் திரும்பினால், அவை விலங்கின் இழையங்களிலேயே அழிகின்றன என்ற எண்ணம்தான் முதலில் நிலவியது. கொழுப்பு வேதியியலில் பெரும்பெயர் பெற்றிருந்த லிவர்பூலின் ஹில்டிச்சும் 1930களில் அவ்வாறே கருதினார். 1951ஆம் ஆண்டில் அமெரிக்காவின் டெக்சாசில் ரேமண்ட் ரைசர், செம்மறியின் முதல் இரைப்பையிலிருந்து எடுத்த சாற்றை ஆளிவிதை எண்ணெயோடு கலந்து வைத்துப் பார்த்தார். ஈரலோ கொழுப்பிழையமோ இல்லாத அந்தக் கண்ணாடிக் கலத்துக்குள்ளேயே லினோலெனிக் அமிலம் வேகமாகக் குறைந்தது. அதே பத்தாண்டில் நியூசிலாந்தின் ஷோர்லண்டும் அவருடைய குழுவினரும் செம்மறிகளைக் கொண்டே இதை உறுதிப்படுத்தினர். பின்வந்தவர்கள் இந்நிகழ்வின் படிகளை ஒவ்வொன்றாகப் பிரித்துக் காட்டினர்: முதலில் அனரோவிப்ரியோ லிப்போலிற்றிக்கா போன்ற பற்றீரியாக்கள் கொழுப்பை உடைத்துக் கொழுப்பமிலங்களை விடுவிக்கின்றன, அடுத்து பியூற்றிரிவிப்ரியோ இனத்தவை இரட்டைப் பிணைப்புகளின் இடத்தையும் வடிவத்தையும் மாற்றி, ஐதரசனை ஏற்றி, படிப்படியாக அவற்றை நிரப்புகின்றன. தழையில் உள்ள லினோலெனிக் அமிலத்தில் நூற்றுக்கு எண்பத்தைந்துக்கு மேலும், இன்னொரு நிரம்பாத அமிலமான லினோலெயிக் அமிலத்தில் எழுபதுக்கு மேலும் இவ்வாறு மாற்றமடைவதாக அளவீடுகள் காட்டுகின்றன.

பற்றீரியாக்கள் இந்த வேலையைச் செய்வது ஆட்டின் நன்மைக்காக அல்ல. பல இரட்டைப் பிணைப்புகளை உடைய கொழுப்பமிலங்கள் அவற்றின் மென்சவ்வுகளைக் குலைத்து வளர்ச்சியைத் தடுக்கும் நஞ்சு. ஐதரசன் ஏற்றுவது நஞ்சை முறிக்கும் ஒரு தற்காப்பு. நிரம்பிய கொழுப்பு என்று மருத்துவர்கள் எச்சரிக்கும் பொருளின் ஒரு பகுதி, நுண்ணங்கிகள் தம்மைக் காத்துக்கொண்டதன் மிச்சம் என்பது சற்று வேடிக்கையான உண்மை.

இந்த மாற்றத்துக்கு வயிற்றின் அமைப்பு எவ்வளவு முக்கியம் என்பதை விளக்க, நெடுந்தீவை விடச் சிறந்த இடம் இலங்கையில் இல்லை. பாக்குநீரிணையில் கிடக்கும் அத்தீவின் வெளிகளில், ஒல்லாந்தர் காலத்துக் குதிரைகளின் வழிவந்தவை எனக் கூறப்படும் மட்டக்குதிரைகளும் ஊராரின் ஆடுமாடுகளும் ஒரே புல்லை மேய்கின்றன. குதிரையும் நுண்ணங்கிகளின் துணையோடுதான் நாரைச் செரிக்கிறது. ஆனால் அதன் நொதிக்கூடம் சிறுகுடலுக்குப் பின்னால், பெருங்குடலில் அமைந்திருக்கிறது. புல்லின் கொழுப்பு நுண்ணங்கிகளைச் சென்றடையுமுன் சிறுகுடலில் உறிஞ்சப்பட்டுவிடுவதால், புல் மேயும் குதிரையின் கொழுப்பில் லினோலெனிக் அமிலம் பெருமளவு அப்படியே தங்கிவிடுகிறது. அக்கொழுப்பு மென்மையாகவும் இருக்கிறது. பக்கத்தில் மேயும் ஆட்டுக்குத் தின்ற கொழுப்பு முழுவதும் நுண்ணங்கிகளின் சுங்கச்சாவடியைக் கடந்தே உள்ளே வர வேண்டியிருக்கிறது.

கதியாலும் தரவையும்

ஒரே தழைக்கு எங்கும் ஒரே விளைவுதான் என்றால் ஆட்டுக் கொழுப்புக்கு ஊர்வேறுபாடு இருக்கத் தேவையில்லை. ஆனால் எந்த நுண்ணங்கி பெருகுகிறது, எது ஒடுங்குகிறது, ஐதரசன் ஏற்றும் பணி எந்தப் படியில் நிற்கிறது என்பவை தீனியைப் பொறுத்தவை. நியூசிலாந்தின் அக்ரிசர்ச் நிறுவனத்தின் முன்முயற்சியில் 35 நாடுகளிலிருந்து, 32 விலங்கினங்களின் 742 வயிற்று மாதிரிகளைத் திரட்டி 2015இல் வெளியான உலகளாவிய கணக்கெடுப்பு, ஏறத்தாழ ஒரே பற்றீரியாக் குடும்பங்கள்தாம் எங்கும் ஆட்சி செய்கின்றன என்றும், அவற்றின் விகிதத்தைத் தீர்மானிப்பதில் விலங்கின் இனத்தை விடத் தீனியே முதன்மையானது என்றும் கண்டது. இம்முடிவை ஏற்றால், யாழ்ப்பாணத்து இறைச்சியின் தனித்தன்மையைத் தேடவேண்டிய இடம் ஆட்டின் வம்சாவளி அன்று. ஆட்டின் முன்னே தொங்கும் குழைக்கட்டு.

சுண்ணாம்புக்கல்லின் மேல் மெல்லிய மண்போர்வையும், வழுக்கியாறு தவிர வேறு ஆறென்று சொல்ல ஏதுமில்லாத நிலமும், ஐப்பசி முதல் மார்கழி வரை கொட்டிவிட்டு ஓயும் வடகீழ்ப் பருவமழையும் உடைய குடாநாட்டில், ஆண்டு முழுவதும் பச்சைப் புல் கிடைக்கும் மேய்ச்சல் நிலம் என்பது பேராசை. அந்தக் குறையை நிரப்பியது வேலி. பூவரசு, கிளுவை, முள்முருக்கு, சீமைக்கிளுவை, வாதநாராயணி முதலிய மரங்களின் கிளைகளைக் கதியாலாக நட்டு, அவை துளிர்த்ததும் இடையே கிடுகோ பனையோலையோ கட்டி அடைத்த உயிர்வேலிகள், வளவின் எல்லையாகவும் தோட்டத்துக்குத் தாழ்க்கும் குழையாகவும் ஆட்டுக்கான தீனியாகவும் ஒரே நேரத்தில் பயன்பட்டன. கோடையில் புல் கருகினாலும், வேர் ஆழமாக ஓடிய கதியால் பச்சையாகவே நிற்கும். கொக்கத்தடியால் முறித்துக் கட்டித் தொங்கவிடும் குழையே வீட்டு ஆடுகளின் அன்றாட உணவு. அதோடு பலாவிலை, வாழைத்தோல், சோற்றுக்கஞ்சி, தவிடு, எள்ளுப் புண்ணாக்கு அல்லது தேங்காய்ப் புண்ணாக்கு என வீட்டின் மிச்சமும் கடையின் பண்டமும் சேரும்.

இவ்வகையில் வளர்வது பெரும்பாலும் வெள்ளாடு. இலங்கையின் உள்நாட்டு இனங்களுள் ஒன்றாகக் கணக்கிடப்படும், கம்பளியற்ற சிறிய உடலுடைய யாழ்ப்பாணச் செம்மறிக்கோ வேறு வாழ்க்கை. கிளையைத் தேடி நிமிராமல் தரையைப் பார்த்தே மேயும் அது, கூட்டமாகத் தரவைகளிலும் அறுவடை முடிந்த வயல்களிலும் ஓட்டப்படுகிறது. தரவை என்று குடாநாட்டார் வழங்கும், மாரியில் நீர் தேங்கிக் கோடையில் உப்புப் பூக்கும் வெளிநிலங்கள் கடனீரேரிகளின் ஓரமெங்கும் விரிந்து கிடக்கின்றன. அங்கே குட்டையான புல்லும் கோரையும் உவர்ப்பைத் தாங்கும் பூண்டுகளுமே செம்மறிக்கு வாய்ப்பவை. பிரான்சின் மோன் சென் மிஷேல் விரிகுடாவில் கடல்நீர் ஏறி இறங்கும் புல்வெளிகளில் மேயும் செம்மறிக் குட்டியின் இறைச்சிக்குச் சட்டப் பாதுகாப்புள்ள பெயரும் உயர்ந்த விலையும் உண்டு என்பதை, தரவையை வெறும் தரிசாகப் பதிவேட்டில் எழுதுவோர் அறிந்துகொள்வது நல்லது.

வேலிக்குழைக்கும் தரவைப் புல்லுக்கும் உள்ள மிகப் பெரிய வேறுபாடு தனின். தேயிலைச் சாயத்தில் நாவைத் துவர்க்கச் செய்யும் இப்பொருள், இலையைத் தின்ன வரும் உயிர்களிடமிருந்து மரம் தன்னைக் காத்துக்கொள்ளும் கருவி. புரதத்தோடு ஒட்டிக்கொள்வதும் நுண்ணங்கிகளின் நொதியங்களை முடக்குவதும் அதன் இயல்பு. மரக்குழைகளிற் பலவற்றில் இது குறிப்பிடத்தக்க அளவு உண்டு. புற்களில் மிகக் குறைவு. உணவில் அளவு கடந்தால் ஆட்டின் பசியையும் செரிமானத்தையும் கெடுக்கும். வெள்ளாடு செம்மறியை விட இதைத் தாங்க வல்லது. மிதமான அளவில் தனின் செய்யும் வேலைதான் கொழுப்பின் கதையில் முக்கியமானது.

லினோலெயிக் அமிலத்திலிருந்து ஸ்டியரிக் அமிலம் வரையிலான பாதையில் இரண்டு இடைத்தங்கல்கள் உண்டு: முதலாவது ரூமெனிக் அமிலம், அடுத்தது வக்சினிக் அமிலம். அல்பா லினோலெனிக் அமிலமும் வேறு படிகளினூடே வக்சினிக் அமிலத்துக்கே வந்து சேர்கிறது. பியூற்றிரிவிப்ரியோ பைப்ரிசொல்வன்ஸ் என்ற பற்றீரியா அதுவரை கொண்டுவந்து விட்டுவிட, வக்சினிக் அமிலத்தை ஸ்டியரிக் அமிலமாக முடிக்கும் கடைசிப்படி பியூற்றிரிவிப்ரியோ புரோட்டியோகிளாஸ்டிக்கஸ் போன்ற சிலவற்றுக்கே கைவரும். ஸ்கொட்லாந்தின் ரொவெற் ஆய்வு நிலையத்தில் நடந்த ஆய்வுகள், இவ்விரண்டாம் வகையை நிரம்பாத அமிலங்களின் நச்சுத்தன்மை கூடுதலாகத் தாக்குவதைக் காட்டின. சிசிலித் தீவின் கட்டானியாப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த வாஸ்தா குழுவினர், கெப்ராச்சோ என்ற தென்னமெரிக்க மரத்தின் தனினைச் செம்மறிக் குட்டிகளுக்குத் தீனியோடு கலந்து கொடுத்துப் பார்த்தபோது, முதல் வகைப் பற்றீரியா கூடவும் கடைசிப்படியை முடிக்கும் வகை குறையவும் கண்டனர். வக்சினிக் அமிலம் ஸ்டியரிக் ஆகாமல் தேங்கியது. தேங்கிய வக்சினிக் அமிலம் உறிஞ்சப்பட்டு இழையங்களை அடையும்போது, ஆட்டின் சொந்த நொதியமொன்று அதில் ஓர் இரட்டைப் பிணைப்பைப் புகுத்தி, உடல்நல ஆய்வாளர்களின் ஆர்வத்தை ஈர்த்த ரூமெனிக் அமிலமாக மீட்டுவிடுகிறது.

வேலி கொழுப்பை எழுதுகிறது என்று சொல்ல இடம் தருவது இந்தப் படிதான். உலகத்து இறைச்சித் தொழில் ஆய்வுகூடத்தில் பிரித்தெடுத்த தனினைத் தீனியில் தூவிச் சாதிக்க முயல்வதை, பூவரசும் பலாவும் சீமைக்கிளுவையும் கலந்த குழைக்கட்டு செலவின்றிச் செய்யக்கூடிய நிலையில் இருக்கிறது. தரவைச் செம்மறியிடமும் வேலிக்குழை வெள்ளாட்டிடமும் வயல்தாள் மேய்ந்த மந்தையிடமும், சில கிலோமீற்றர் இடைவெளிக்குள்ளேயே மூன்று வேறு தீனிமுறைகளின் கொழுப்பை ஒப்பிட்டு அளந்துவிடக்கூடிய குடாநாடு, இத்துறை ஆய்வுக்கு வாய்த்த இயற்கையான களம். கிளிநொச்சியில் இயங்கும் யாழ்ப்பாணப் பல்கலைக்கழக விவசாய பீடத்துக்கு இதைவிட அருகில் இன்னொரு களம் அமைவது அரிது.

நுண்ணங்கிகள் எங்கும் ஒன்றே என்ற கணக்கெடுப்பின் முடிவுக்குப் புகழ்பெற்ற விதிவிலக்கு ஒன்றும் உண்டு; அதுவும் குடாநாட்டு வேலிகளில் காணப்படும் ஒரு மரத்தைப் பற்றியது. இப்பிலிப்பில் எனப்படும், தமிழகத்தார் சவுண்டல் என்று வழங்கும் மரத்தின் இலையில் மிமோசின் என்ற நஞ்சு உள்ளது. அவுஸ்திரேலியாவில் அதைத் தின்ற மாடுகள் மயிர் உதிர்ந்து, கழுத்துக்கழலை கண்டு மெலிந்தபோது, ஹவாய்த் தீவின் ஆடுகள் அதே இலையைத் தின்று நலமாக இருந்ததை ரேமண்ட் ஜோன்ஸ் கவனித்தார். ஹவாய் ஆடுகளின் வயிற்றிலிருந்து எடுத்த நுண்ணங்கிகளை 1980களில் அவுஸ்திரேலியக் கால்நடைகளுக்குப் புகட்டியதும் சிக்கல் தீர்ந்தது. நஞ்சை உடைக்கும் பற்றீரியாவுக்கு 1992இல் சினேர்ஜிஸ்டஸ் ஜோன்சியை என்று அவருடைய பெயரே சூட்டப்பட்டது.

மொச்சையின் மூலம்

கொழுப்பைப் பற்றிய பேச்சு உடல்நலத்தோடு நின்றுவிடுவது நகரத்துப் பழக்கம். ஊரில் அது மணத்திலிருந்து தொடங்கும். குடாநாட்டில் செம்மறி இறைச்சியை விட வெள்ளாட்டிறைச்சிக்கே மதிப்பு அதிகம்; விதை நீக்காத முதிர்ந்த கிடாயின் இறைச்சியை மொச்சை வீசும் என்று பலர் ஒதுக்குவர். இந்த மணத்தின் பெரும்பங்கு, நான்காம் காபனில் கிளை விட்ட இரு கொழுப்பமிலங்களைச் சார்ந்தது: 4-மெதைல் ஒக்டனோயிக், 4-எதைல் ஒக்டனோயிக் அமிலங்கள். ஆட்டிறைச்சி மணத்தில் முதலாவதன் பங்கை 1975இல் நியூசிலாந்து ஆய்வாளர்கள் நிறுவினர். இரண்டாவது கிடாயில் மிகுந்திருப்பது. இவை மிகமிகச் சிறிய அளவிலேயே மூக்கை எட்டிவிடும் தன்மையுடையவை.

இவற்றின் பிறப்பிலும் நுண்ணங்கிகளுக்குப் பங்குண்டு. மாச்சத்து மிகுந்த தானியத் தீனி கிடைக்கும்போது, நாரைச் சிதைக்கும் பற்றீரியாக்கள் பின்வாங்கி, மாச்சத்தை நொதிக்கச் செய்பவை பெருகுகின்றன. அவை ஆக்கும் புரோப்பியோனிக் அமிலம் ஈரலின் கொள்ளளவை மீறினால், உபரி கொழுப்பிழையத்துக்குச் சென்று, கொழுப்பமிலச் சங்கிலியில் மெதைல் கிளைகளாகச் செருகப்படுகிறது. வாற்கோதுமையைத் தாராளமாகத் தின்ற செம்மறிக் குட்டிகளின் கொழுப்பு இறுகாமல் குழைவதை ஆராய்ந்த ரொவெற் நிலையத்தின் கார்ட்டனும் அவருடைய குழுவினரும் 1970களின் தொடக்கத்தில் இந்த வழியைத் தெளிவுபடுத்தினர். தானியம் மிகுந்து வயிறு புளிக்கும்போது ஐதரசன் ஏற்றும் பாதையும் தடம் மாறுகிறது: வக்சினிக் அமிலத்தின் இடத்தில் அதன் மாற்றுவடிவமான, நன்மை எதுவும் அறியப்படாத வேறொரு அமிலம் மிகுகிறது. விற்பனைக்கு முன் ஆட்டைக் கொழுக்க வைக்கக் கஞ்சியையும் தவிட்டையும் மாவையும் அளவின்றிக் கொட்டும் வழக்கத்தின் விளைவை, தராசு காட்டும் நிறையை மட்டும் கொண்டு மதிப்பிட முடியாது.

பச்சைப் புல்லுக்கும் தன் மணம் உண்டு. புல்லின் புரதத்தில் உள்ள திரிப்தோபன் என்ற அமினோ அமிலத்தை நுண்ணங்கிகள் ஸ்கற்றோல் என்ற பொருளாக மாற்ற, அது கொழுப்பில் கரைந்து தங்கிவிடுகிறது. செழித்த புல்லில் மட்டும் வளர்ந்த செம்மறியின் வாடைக்கு இதுவும் ஒரு காரணம். தனின் உள்ள தழை புரதத்தைப் பிணைத்து வைப்பதால் ஸ்கற்றோல் குறைகிறது என்பதும் நியூசிலாந்தில் கண்டறியப்பட்ட செய்தி. கொத்தமல்லியும் மிளகும் வறுத்துச் சேர்த்த யாழ்ப்பாணத் தூளும் தேங்காய்ப்பாலும் இட்டுப் பிரட்டும் சமையல்முறை இந்த மணங்களை அடக்கத் தெரிந்தது. ஆனால் அடக்க வேண்டிய அளவைக் குழைக்கட்டு முன்கூட்டியே குறைத்து வைத்திருக்கும்.

புண்ணாக்கின் பங்கு சற்றுச் சிக்கலானது. எள்ளுப் புண்ணாக்கில் எஞ்சியிருக்கும் எண்ணெய், லினோலெயிக் அமிலம் மிகுந்தது என்பதால் ரூமெனிக் அமிலத்துக்கு நேரடி மூலப்பொருளாகிறது. தேங்காய்ப் புண்ணாக்கில் எஞ்சுவதோ லோரிக் அமிலம் மிகுந்த, இயல்பிலேயே நிரம்பிய எண்ணெய். நுண்ணங்கிகள் அதில் நிரப்புவதற்கு அதிகம் இல்லை. ஆயினும் லோரிக் அமிலம் புரோட்டோசோவாக்களுக்கு ஆகாது. சுவிற்சர்லாந்தின் சூரிச்சில் செம்மறிகளுக்குத் தேங்காயெண்ணெய் கொடுத்து நடத்திய சோதனைகளில் புரோட்டோசோவாக்களும் மெதேன் வெளியேற்றமும் வெகுவாகக் குறைந்தன. மெதேன் குறைவது காலநிலைக்கு நல்லதே. ஆனால் புரோட்டோசோவாக்கள் இலையின் பச்சையவுருமணிகளை அப்படியே விழுங்கி, நிரம்பாத அமிலங்களைப் பற்றீரியாக்களின் கைக்கு எட்டாமல் சிறுகுடல் வரை சுமந்து செல்லும் உயிர்கள் என்பதும் இப்போது தெரிந்திருக்கிறது. ஒன்றைத் திருத்தப் போய் இன்னொன்று கலைவது இத்துறையில் வழமை.

அந்த வழமைக்குச் சிறந்த சான்று 1970இல் அவுஸ்திரேலியாவில் நிகழ்ந்தது. ட்ரெவர் ஸ்கொற்றும் அவருடைய சகாக்களும் எண்ணெய்த் துளிகளைப் பாற்புரதத்தால் மூடி, அந்தப் புரதத்தை ஃபோமல்டிகைட்டால் இறுக்கி, முதல் இரைப்பையின் பற்றீரியாக்கள் தொடமுடியாத தீனியொன்றை உருவாக்கினர். நான்காம் அறையின் அமிலத்தில் உறை கரைய, எண்ணெய் மாற்றமின்றிச் சிறுகுடலில் உறிஞ்சப்பட்டது. லினோலெயிக் அமிலம் பன்மடங்கு கூடிய ஆட்டுக்கொழுப்பு கிடைத்தது. ஆட்டுக் கொழுப்பின் இறுக்கத்துக்கு நுண்ணங்கிகளே காரணம் என்பதற்கு இதைவிட நேரடியான நிரூபணம் வேண்டியதில்லை. ஆனால் அந்த இறைச்சியின் கொழுப்பு மென்மையாகிக் கையில் ஒட்டியது. காற்றுப்பட்டால் விரைவில் காறியது. பழகிய ஆட்டிறைச்சியின் சுவையும் மாறிப்போனது. சந்தை அதை ஏற்கவில்லை. உறையும் கொழுப்பு கெடாத கொழுப்பும் ஆகும் என்ற பயனை, குளிர்சாதனம் அறியாத நூற்றாண்டுகளில் ஆட்டிறைச்சி உண்டவர்கள் அனுபவித்தே வந்திருக்கின்றனர்.

உடல்நலத்தைப் பொறுத்தவரை மிகையான அச்சமும் மிகையான நம்பிக்கையும் வேண்டாதவை. ஆட்டுக்கொழுப்பின் நிரம்பிய அமிலங்களுள் இரத்தக் கொலஸ்திரோலை உயர்த்துவதில் பால்மிற்றிக் அமிலமே முன்னிற்கிறது. ஸ்டியரிக் அமிலத்தின் ஒரு பகுதியை உடல் ஒலெயிக் அமிலமாக மாற்றிவிடுவதால் அதன் தாக்கம் ஏறத்தாழ நடுநிலையானது. ரூமெனிக் அமிலம் உள்ளிட்ட வகையின் மீது ஆர்வம் எழுந்தது, அமெரிக்காவின் விஸ்கொன்சின் பல்கலைக்கழகத்தில் மைக்கல் பரீசா குழுவினர், சுட்ட மாட்டிறைச்சியிலிருந்து பிரித்த அப்பொருள் எலிகளின் தோற்புற்றுநோயைத் தடுப்பதை 1980களில் கண்ட பிறகே. எலியில் கண்ட பயன் மனிதரில் அதே வலுவோடு உறுதிப்படவில்லை. வாரத்துக்கொருமுறை ஒரு கோப்பைக் கறி உண்பவருடைய நலத்தை அதிலுள்ள சிறிதளவு ரூமெனிக் அமிலம் தீர்மானித்துவிடாது. குழை தின்ற ஆட்டை மருந்தாக விற்க முனைவோரை நம்பாமல், சுவையான நல்ல உணவாக மட்டும் மதிப்பதே முறை.

மதில் எழும் வளவுகள்

1995 ஒக்ரோபர் இறுதியில் போரினால் வலிகாமத்து மக்கள் ஒரே இரவில் தென்மராட்சி நோக்கி இடம்பெயர்ந்தபோது, வீடுகளைப் போலவே வேலிகளும் பட்டிகளும் கைவிடப்பட்டன. போர்க்காலத்தில் காவலரண்களுக்காகப் பனைகள் பெருந்தொகையாகத் தறிக்கப்பட்டன. மீண்டு வந்தவர்களும் வெளிநாட்டு உறவினரின் பணத்தில் வீடு எழுப்பியவர்களும், ஆண்டுதோறும் அடைக்கவேண்டிய வேலிக்குப் பதிலாக ஒருமுறை கட்டினால் போதுமான சீமெந்து மதிலை விரும்பினர். வேலி அடைக்கக் கூலியாள் கிடைப்பது அரிதாகிவிட்ட ஊரில் அவர்களைக் குறைகூற முடியாது. மதிலுக்கு உட்பட்ட வளவில் ஆடு வளர்ப்பவர் இப்போது கடைத்தீனியையும் தெருவோரக் குழையையும் நம்பியிருக்கிறார்; தீனி மாற, வயிற்றின் குடிகளும் அவற்றோடு கொழுப்பும் மாறும். உலர்வலயக் கால்நடை வளர்ப்பில் சீமைக்கிளுவையையும் இப்பிலிப்பிலையும் தீனிக்காகவே வரிசையாக நடும் முறை பரிந்துரைக்கப்படுவது, ஒருவகையில் இழந்த வேலியை வளவின் நடுவே மீட்பதாகும்.

கொழுப்பிழையம் மெதுவாகப் புதுப்பிக்கப்படுவது என்பதால், வெட்டும் நாளில் தின்ற தழை கொழுப்பில் தெரிவதில்லை. அதற்கு முந்திய பல வாரங்களின் தீனியே அங்கு பதிந்திருக்கும். குடாநாட்டின் நாட்காட்டியில் இதற்குச் சுவையான ஒரு விளைவு உண்டு. ஆவணிக் காலத்து நல்லூர்த் திருவிழாவின் 25 நாட்களும் பெரும்பாலான வீடுகளில் மச்சம் சமைப்பதில்லை. அந்நாட்களில் விலைபோகாத ஆடுகள், புல் முழுவதும் கருகிப்போன கோடையின் கடைசியில், வேலிக்குழையையும் புண்ணாக்கையும் தின்று தீபாவளிக்கு வளர்கின்றன. தீபாவளியன்று அயலவர் கூடி ஆடு வாங்கி வெட்டி, ஈரலும் குடலும் எலும்பும் கொழுப்பும் சமமாக வரும்படி கூறுபோட்டுக்கொள்ளும் பங்கு இறைச்சியில் இருப்பது, ஆகவே, கோடைக் குழையின் கொழுப்பு. மழை அப்போதுதான் தொடங்கியிருக்கும். அடுத்த ஓரிரு நாட்களிலேயே கந்தசஷ்டி விரதம். பின்னால் மார்கழித் திருவெம்பாவை. தரவைகள் பச்சை பிடித்துச் செம்மறிகள் ஆண்டின் மிகச் செழித்த புல்லை மேயும் வாரங்கள் பெரும்பாலும் விரதங்களிலேயே கழிய, அந்தப் புல் கொழுப்பாகிச் சட்டிக்கு வருவதற்குள் தை பிறந்து, மந்தைகள் நெல் அறுத்த வயல்களில் தாள் மேய இறங்கியிருக்கும்.